என்கிட்ட யாரும் கேட்கலையே, தாயி

"எனக்கா? எனக்கு எதுக்கு தாயி அந்த டெஸ்ட்டு? வயசுப் பயலுகளுக்குப் பாரு."

கிராமத்தில் சர்க்கரை, பிரஷர் பார்க்க முகாம் போடும் நாளெல்லாம் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். விரல் நுனியைக் குத்திச் சர்க்கரைக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாகிவிட்டது. அதே விரலில் இன்னும் ஒரு சொட்டு எடுத்தால் எச்.ஐ.வி.யும் பார்த்துவிடலாம். இருபது நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும். ஆனால் சர்க்கரைக்கு விரலை நீட்டியவர், எச்.ஐ.வி. என்றதும் கையை மடக்கி மடிக்குள் வைத்துக்கொள்வார். சிலர் சிரிப்பார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருமுறை எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னையப் பார்த்தா உனக்கு அப்பேர்ப்பட்ட ஆளாத் தெரியுதா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பத்தொன்பது வருஷமாகக் கிராமப்புறச் சுகாதார நிலையம் ஒன்றில் எச்.ஐ.வி. கவுன்சலராக இருக்கிறேன். இந்தப் பதிவில் வருகிறவர்களின் வயது, தொழில், குடும்ப விவரங்களைக் கலைத்துப் போட்டிருக்கிறேன், யாரும் யாரையும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக. அவர்கள் சொன்ன வார்த்தைகளை மட்டும் மாற்றவில்லை.

வயதானவர்கள் "எனக்கு வராது" என்று சொல்வதைப் பல காலம் அறியாமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர்களிடம் உட்கார்ந்து பேசினால் எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்தே இருக்கிறது. ரத்தம், ஊசி, உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தத் தெரிந்த விஷயத்துக்குள் தன்னைக் கொண்டுவந்து வைத்துப் பார்ப்பதில்தான் தடங்கல்.

ஏன் என்று யோசித்தால் காலக்கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவில் முதன்முதலாக இந்த நோயைப் பற்றி எழுதியபோது அதில் இருந்த ஐந்து பேரும் இளைஞர்கள். 1983-இல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினூசியும் லூக் மோந்தாக்னியேவும் அவர்களுடைய குழுவும் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். 1985-இல் ரத்தப் பரிசோதனை வந்தது. அதற்குப் பின் வந்த பத்து வருஷத்தில் உலகம் முழுக்க ஒட்டிய சுவரொட்டிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன: மண்டை ஓடு, கறுப்பு, சிவப்பு, எலும்பும் தோலுமாக ஓர் உருவம். தமிழில் "உயிர்க்கொல்லி" என்று ஒரு பெயரும் வைத்தோம். இளைஞர்களே எச்சரிக்கை என்று எழுதினோம். அன்று அதைப் படித்த இளைஞர்கள்தான் இன்றைய பெரியவர்கள். இன்று எழுபதை நெருங்குகிறவருக்கு அப்போது முப்பது, முப்பத்தைந்து வயது. இவர் முதுமைக்கு வந்துவிட்டார். அவர் மனதில் அந்த நோய் மட்டும் இன்னும் இளைஞர்களிடமே நின்றுபோயிருக்கிறது.

மருந்து வந்த சேதி அந்தச் சுவரொட்டியைப் போல அவர்களிடம் போய்ச் சேரவில்லை. 1996-இல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்து, சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். சி.டி.4 அளவு, அதாவது நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இத்தனைக்குக் கீழே இறங்கட்டும் என்று மருந்துக்காகக் காத்திருக்கவைத்த வழக்கத்தை 2015-இல் உலக சுகாதார நிறுவனமே கைவிட்டது. தொற்று தெரிந்த உடனே எல்லாருக்கும் மருந்து என்றானது. இன்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. கிராமத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், "அப்படியா? அது வந்தா போய்ச் சேர வேண்டியதுதானே?" என்கிறார்கள். சுவரொட்டி கிழிந்து இருபது வருஷமான பிறகும் அதன் எழுத்து அழியாமல் இருக்கிறது.

மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டை நான் எளிதாகக் கடந்துவிடுவேன். "வயசாயிருச்சு" என்பது ஒன்று, "எங்க வீட்டுக்காரரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் உண்டு, பேசினால் கேட்டுக்கொள்வார்கள். என்னால் தாங்க முடியாதது மூன்றாவது. "இருந்தா இருந்துட்டுப் போகுது. இன்னும் எத்தனை வருசம் இருக்கப் போறேன்? அதைத் தெரிஞ்சு நான் என்ன செய்யப் போறேன்?" இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் பயமோ கோபமோ இருக்காது. தன் உயிருக்குத் தானே விலை குறைத்துச் சொல்லும் குரல் அது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் இப்படிச் சொன்னால், அவருக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கலாமே என்று எனக்கு அடிவயிறு பதறும்.

இந்த நினைப்பு அவர்களாகக் கொண்டுவந்தது இல்லை, நாம் கொடுத்தது. எங்கள் துறையின் கணக்கே அப்படித்தான் இருக்கிறது. உலக அளவில் எச்.ஐ.வி. பரவலைச் சொல்லும்போது பெரும்பாலும் 15 முதல் 49 வயது வரைக்கும்தான் எண்ணிச் சொல்கிறார்கள். ஐம்பதாவது பிறந்தநாள் வந்ததும் ஒருவர் அந்த வரியிலிருந்து கீழே இறங்கிவிடுகிறார். 2006-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எல்லாருக்கும் வழக்கமாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்யுங்கள் என்று சொன்னபோதும் வயது வரம்பு 13 முதல் 64 வரை. 65 வயதுக்காரருக்கு என்ன செய்தி போகிறது? எனக்குக் கொடுத்த பயிற்சியிலும் அப்படித்தான். எடுத்துக்காட்டுக்கு வந்தவர்கள் இளைஞர், கர்ப்பிணி, லாரி ஓட்டுநர். தாத்தாவோ பாட்டியோ ஒரு பக்கத்தில்கூட வரவில்லை.

பாதிப்பு அந்த வரியோடு நின்றுவிடுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில் அஜின்கோர்ட் என்ற கிராமப் பகுதி இருக்கிறது. அங்கே 2014–15-இல் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஐயாயிரம் பேரை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. தொற்று அவ்வளவு பரவாத ஐரோப்பாவில்கூட, 2015-இல் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஆறில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். சிலருக்கு இளம்வயதில் தொற்றி வெளியே தெரியாமலே இருந்திருக்கும், சிலருக்கு வயதான பிறகுதான் தொற்றியிருக்கும். இரண்டுமே நடக்கிறது.

வயதான பிறகு எப்படித் தொற்றும் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கேட்கும்போது ஒரு தயக்கச் சிரிப்பு. பெரியவர்களின் உடம்பைப் பற்றி நாம் பேச விரும்புவதில்லை, அவ்வளவுதான். 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 57 முதல் 64 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 73 பேர் உடலுறவு வாழ்க்கை இருக்கிறது என்று சொன்னார்கள். 65 முதல் 74 வரை 53 பேர். 75 முதல் 85 வயதிலும் 26 பேர். அதே ஆய்வில் இன்னொரு கேள்வி: ஐம்பது வயதுக்குப் பிறகு இதைப் பற்றி எந்த மருத்துவரிடமாவது பேசியிருக்கிறீர்களா? ஆண்களில் 38 பேர், பெண்களில் 22 பேர். இந்த இரண்டாவது எண்ணைப் படித்த அன்று எனக்கு என் சொந்த அறைதான் ஞாபகம் வந்தது.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணுறுப்பின் உட்புறத் தோல் மெலிந்து, ஈரம் குறைந்து, எளிதில் சிராய்க்கும். அந்தச் சிராய்ப்பு வைரஸுக்கு வாசல். ஆண்களுக்கோ 1998-க்குப் பிறகு விறைப்புத் தன்மைக்கு மாத்திரை வந்து, முடிந்துபோனது என்று நினைத்திருந்த வாழ்க்கை பலருக்குத் திரும்பத் தொடங்கியது. ஆணுறை என்று எடுத்தால், "அதெல்லாம் புள்ளை வேண்டாம்னு இருக்கிறவங்களுக்குத்தானே? எனக்கு அது நின்னு பன்னிரண்டு வருசமாச்சு" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்குக் கல்யாணமான காலத்தில் அதைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்றுதான் கொடுத்தார்கள். நோய்த்தடுப்புக்கும் அதுதான் என்று பிறகு அவரிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

இங்கே ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தானாகவே பரிசோதனைக்கு வந்தவர். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண் தானாக என் கதவைத் தட்டுவது அபூர்வம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகன் எய்ட்ஸில் இறந்துவிட்டான். கடைசி ஏழு மாதம் அவனைக் குளிப்பாட்டியது, புண்ணைத் துடைத்தது, வாந்தியும் மலமும் பட்ட துணியை அலசியது எல்லாம் இவர்தான். சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு மிச்சத்தை இவர் சாப்பிட்டிருக்கிறார். "என் கையில அப்ப ஒரு வெட்டு இருந்துச்சு தாயி. அதுல அவன் ரத்தம் பட்டுச்சு. அதுல இருந்து எனக்கு அந்தப் பயம்." பதினான்கு வருஷம் அந்தப் பயத்தைத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். பேரன் கன்னத்தில் முத்தம் கொடுத்ததில்லை. அவனுக்குக் கொடுக்கும் தட்டும் டம்ளரும் தனி.

வலது கையைத் திருப்பி அந்தத் தழும்பைக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நகத்தளவு வெள்ளைக் கோடு.

தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, வியர்வையாலோ, கண்ணீராலோ எச்.ஐ.வி. தொற்றாது என்று சொன்னேன். மருந்து சாப்பிடாத நோயாளிக்குப் போட்ட ஊசி செவிலியர் கையில் குத்திவிட்டால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான், நீங்கள் துடைத்த புண்ணிலிருந்து வருவதற்கு வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, பார்த்தே சொல்லச் சொன்னார். பார்த்தோம். தொற்று இல்லை. அவர் அழுத அழுகையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பதினான்கு வருஷத்தில் பேரன் வளர்ந்துவிட்டான், இனிமேல் அவனை மடியில் வைத்து முத்தம் கொடுக்க முடியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவரிடம், வழக்கமாகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இப்போது யாரோடாவது உறவு இருக்கிறதா? விதவைப் பெண்மணி, இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று நாக்கு தடுமாறியது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒருத்தர் இருக்காரு. நாலு வருசமா. நல்ல மனுசன் தாயி, பொண்டாட்டி இறந்துட்டாங்க. அவருகிட்ட இருந்து எனக்கு ஒண்ணும் வராது" என்றார்.

மகனுடைய புண்ணைத் துடைத்த கையைப் பார்த்துப் பதினான்கு வருஷம் பயந்தவர், நாலு வருஷமாக இருக்கும் உறவைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவர் மனதில் ஆபத்து என்பது நோயாளியைப் பார்த்துக்கொண்ட அந்த ஏழு மாதத்தோடு ஒட்டிக்கொண்டது. நல்ல மனிதர் என்றால் நோய் இருக்காது என்பதும், நோய் என்றால் கெட்ட நடத்தை என்பதும் ஒரே நினைப்பின் இரண்டு முனைகள். கெட்டவர்களுக்கு வரும் நோய் என்று நாமே ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம், அவர்கள் நம்பிவிட்டார்கள். நல்லவர்களை அதில் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பெரியவரும் வந்து பார்த்துக்கொண்டால் நல்லது என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அவர் தனியாக வந்தார். பஸ்ஸில் வந்தால் தெரிந்துவிடும் என்று பக்கத்து ஊர் நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்திருந்தார். அவருக்கும் தொற்று இல்லை.

கிராமத்தில் இதுவும் ஒரு பெரிய சங்கடம். எந்தக் கதவுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வேலை செய்கிறவர்களில் யாராவது ஒருவர் உறவாக இருப்பார். இளைஞன் என்றால் நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள நகரத்துக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு வந்துவிடுவான். பெரியவருக்கு அது முடியாது, கூட்டிக்கொண்டு வர மகனோ மருமகளோ வேண்டும். அவர்கள் பக்கத்தில் நிற்கும்போது நான் என்ன கேட்பது? மருந்துச்சீட்டைக் கொடுத்து வரிசையில் நிற்கச் சொல்லி அவர்களை வெளியே அனுப்பிவைப்பேன். கிடைக்கும் பத்து நிமிஷத்தில்தான் எல்லாம்.

அந்தப் பத்து நிமிஷத்திலும் காது கேட்காது. ஒரு தாத்தாவிடம் மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், "என்னது?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னால் பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருபது பேருக்கும் கேட்கும். தாளில் எழுதிக் காட்டினேன், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருடைய வலது காதருகே குனிந்து, கையைக் குவித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் திரும்பி என் காதருகே குனிந்து, அதே போலக் கையைக் குவித்துக்கொண்டு, "பார்த்துரு" என்றார். ரகசியம் காக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் எந்தக் கையேட்டிலும் காது கேட்காதவர்களைப் பற்றி நான் படித்ததில்லை.

இனி எழுதப்போவதைப் பல நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

அறுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர் எங்கள் நிலையத்துக்கு வழக்கமாக வருவார். என்னைப் பார்த்தால் நின்று நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார். முதலில் விலாவில் அக்கி வந்தது. வயசானால் வரும் என்று களிம்பும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். நாலைந்து மாதத்தில் சளி, காய்ச்சல், நிமோனியா. குணமாகிப் போனார். அடுத்து எடை குறைய ஆரம்பித்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "சாப்பாடு இறங்கலை, வயசாகுதுல்ல" என்று அவரே சொன்னார். நானும் தலையாட்டினேன். மூன்று முறையும் என் அறைக் கதவைத் தாண்டித்தான் போனார். அக்கி, அடுத்தடுத்து நிமோனியா, எடை குறைவு: இதே மூன்றும் முப்பது வயதுக்காரருக்கு வந்திருந்தால் முதல் முறையே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். என் வேலையே அதுதான். அவருக்கு வயதாகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

நாலாவது முறை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காசநோய். காசநோய் என்றால் எச்.ஐ.வி.யும் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்ததால் பார்த்தார்கள், அதனால் தெரிந்தது. சி.டி.4 எண்ணிக்கை 62. நல்ல உடம்பில் அது ஐந்நூறுக்கு மேல் இருக்கும். முந்நூற்றைம்பதுக்குக் கீழே போனாலே தாமதமாகக் கண்டுபிடித்தோம் என்று கணக்கு, இருநூறுக்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. வயதானவர்களுக்கு இது வேகமாக இறங்கும், மருந்து கொடுத்தால் ஏறுவதும் மெதுவாகத்தான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு சில வருஷம் தூரத்து நகரத்தில் காவலாளி வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஒரு பழக்கம். அதை அவர் மறைக்கவே இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாக, வருஷம் மாதம் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். நான் எழுதிக்கொண்டே, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"என்கிட்ட யாரும் கேட்கலையே, தாயி. நீகூடக் கேட்கலையே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

பேனாவை மூடி வைத்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னார்.

அன்றிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டியவர் யார் வந்தாலும் கேட்கிறேன். கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?" என்று ஆரம்பித்தால் குற்றம்சாட்டுவது போல ஆகிவிடுகிறது. "சர்க்கரை, பிரஷர், எச்.ஐ.வி. மூணும் எல்லாருக்கும் பார்க்கிறோம், உங்களுக்கும் பார்த்துரலாமா?" என்று ஒரே மூச்சில் கேட்கிறேன். எல்லாரும் என்ற சொல்லைக் கேட்டதும் தோள் தளர்வதைப் பார்க்கலாம். இன்னும் பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்ட பிறகு சொல்கிறார்கள். சமீபத்தில் ஏதாவது நடந்திருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வரச் சொல்கிறேன், விரலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு அத்தனை நாள் தேவைப்படலாம். தொற்று வாய்ப்புள்ள சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு என்பதையும் சொல்கிறேன், பெரியவர்களில் ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டதில்லை.

மருந்து ஆரம்பித்த பிறகும் பெரியவர்களுக்கு வேறு கணக்கு. ஏற்கெனவே ஆறு மாத்திரை இருக்கும். இன்று பரவலாகக் கொடுக்கும் டோலுடெக்ராவிர் மாத்திரையை நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்தோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. அந்த மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், வெறும் வயிற்றில் சேர்த்துப் போடக் கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அதன் அளவை மருத்துவர் பார்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று கெஞ்சுகிறேன். எச்.ஐ.வி. மாத்திரையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வெட்கம்.

அந்தப் பெரியவர் பிழைத்தார். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து, கூடவே எச்.ஐ.வி. மருந்து. அவருடைய மனைவிக்கும் பரிசோதித்தோம். தொற்று இல்லை. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் வரவில்லை, அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தம்மா முடிவைக் கேட்டுவிட்டு, எனக்கு இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். சந்தோஷமா வருத்தமா என்று அவர் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அவரை விட்டுத் தான் மட்டும் தப்பித்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ.

போன மாதம் இருவரும் வந்திருந்தார்கள். மருந்து ஆரம்பித்துப் பதினான்கு மாதம். அவருக்கு ஒன்பது கிலோ ஏறியிருந்தது. ரத்தத்தில் வைரஸ் அளவு பார்த்த அறிக்கை வந்திருந்தது, போன தடவையும் இந்தத் தடவையும் கண்டறிய முடியாத அளவு. அதைச் சொன்னதும் அவர் கும்பிட்டுவிட்டு மாத்திரை வாங்க வெளியே போனார். அந்தம்மா எழுந்திருக்கவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ஒண்ணு கேட்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்கம்மா."

"அவரு வெளித் திண்ணையில தனியாப் படுக்கிறாரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து. எனக்கு வந்துரக் கூடாதுன்னுதான். என் மேல பாசத்துலதான். கையைக்கூடப் பிடிக்க மாட்டேங்கிறாரு." முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இந்த வயசுல வேற ஒண்ணும் வேண்டாம். ராத்திரி முழிப்பு வந்தா பக்கத்துல ஆளு இருக்கணும். அதுக்கு மேல இருந்தாலும்… அதுலயும் ஒண்ணும் தப்பில்லைல?"

நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

அறிக்கையை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். கண்டறிய முடியாத அளவு என்று அச்சிட்டிருந்த வரியில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். கையைப் பிடிப்பதாலோ பக்கத்தில் படுப்பதாலோ என்றைக்குமே வராது என்று முதலில் சொன்னேன். பிறகு மற்றதைச் சொன்னேன். ஐரோப்பாவில் 14 நாடுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து இன்னொருவருக்கு இல்லாத 888 இணைகளைக் கவனித்தார்கள். தொற்று இருந்தவர்கள் மருந்து சாப்பிட்டு வைரஸை அடக்கி வைத்திருந்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை சேர்ந்திருக்கிறார்கள். துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2016-இல் இந்த முடிவு வெளிவந்தது. வைரஸ் இப்படி அடங்கியே இருக்கும்வரை உடலுறவால் துணைக்குத் தொற்றாது என்று இன்று உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

எண்களையெல்லாம் அவர் கேட்டாரா தெரியவில்லை. "ஒருத்தருக்குக்கூட வரலையா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒருத்தருக்குக்கூட வரலைம்மா."

அந்தத் தாளைக் கேட்டு வாங்கி நாலாக மடித்தார். விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்து, மாத்திரை வரிசையில் நின்றுகொண்டிருந்தவரை, "இங்க வாங்க, அந்தப் பிள்ளை சொல்றதை நீங்களும் ஒரு வாட்டி கேளுங்க" என்று கூப்பிட்டார்.